ஹெட்லைட்டில் எல்இடி போட்டேன், திரும்பவும் கழற்றினேன்

"ஏங்க, லைட்டு எரியுதா இல்லையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டார். எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்ல மழை, இருட்டு, ஈரமான ரோடு. காய்ந்த ரோட்டில் விழும் வெளிச்சத்தில் கொஞ்சமாவது நம் கண்ணுக்குத் திரும்பி வரும், தண்ணீர் நிற்கும் ரோடு கண்ணாடி மாதிரி அதை முன்னாலேயே தள்ளிவிட்டுவிடும், அதனால் லைட் போட்டிருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ரோட்டோரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரைப் பார்த்தேன். கறுப்புச் சட்டை. நான் பார்த்தபோது அவர் பம்பருக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை, அவர் ஓரமாக நடந்தார், நாங்கள் கடந்து போய்விட்டோம். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனாலே ஒரு நொடியில் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும் என்ற கணக்கு அன்று ராத்திரி முழுக்க மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டிக்குப் 11 வயது. எச்4 வகை ஹாலஜன் பல்பு, பின்னால் வெளிச்சத்தை முன்னால் திருப்பும் குழிவான ரிப்ளெக்டர், முன்னால் பிளாஸ்டிக் லென்ஸ். எல்லாரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன், ஒரு ஜோடி எல்இடி பல்பு வாங்கினேன். மாட்டுவது பெரிய வேலை இல்லை. பானெட்டைத் திறந்து, பல்புக்கு வயர் வந்து சேரும் கப்ளரைப் பிடுங்கி, பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பைத் தள்ளிவிட்டால் பழைய பல்பு கையோடு வந்துவிடும். சுவரைப் பார்த்து லைட்டைப் போட்டேன். பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டு நாள் ஓட்டியதில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள், நான் டிம்மில்தான் (எதிரே வருகிறவர் கண் கூசாதபடி தாழ்த்திய வெளிச்சம்) போகிறேன். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று வண்டி வராத ஒரு நேரான ரோட்டில் மச்சானிடம் சாவியைக் கொடுத்து எதிரிலிருந்து மெதுவாக ஓட்டி வரச் சொன்னேன். நான் ஓரமாக நின்றுகொண்டேன். நூறு மீட்டர் தள்ளி வரும்போதே கண்ணைத் திறக்க முடியவில்லை. "மாப்ள, டிம்ல போடு!" என்று கத்தினேன். "டிம்லதான் மாமா போட்டிருக்கேன்!" என்று பதில் வந்தது. ரெண்டு நாளாக ரோட்டில் எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாமல், அதற்கான காரணம் பின்னால் வருகிறது). உள்ளே ரெண்டு இழை இருக்கும். ஒன்று பிரைட்டுக்கு (தூரத்துக்கு அடிக்கும் வெளிச்சம்), 60 வாட். இன்னொன்று டிம்முக்கு, 55 வாட். டிம் இழைக்குக் கீழே மட்டும் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கிறது பாருங்கள், எச்4-இன் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் ரிப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் போகிறது, அங்கே பட்டுத் திரும்பிக் கீழ்நோக்கி ரோட்டில் விழுகிறது. சுவரில் டிம் லைட் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியும் இல்லையா, அந்தக் கோட்டை உண்டாக்குவது இந்தத் தகடுதான். தகட்டின் ஒரு ஓரத்தை 15 டிகிரி சாய்த்து வெட்டியிருப்பார்கள். அதனால்தான் அந்தக் கோடு நாம் ஓட்டும் ஓரத்துப் பக்கம் மட்டும் மேலே ஏறும். ரோட்டோரம் நடப்பவர் தெரியவேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக்கூடாது, ரெண்டையும் இந்தச் சின்னத் தகடு பார்த்துக்கொள்கிறது. 1971-இல் வந்த பல்பு இது. இன்றைக்கும் இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ரிப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எங்கே இருக்கிறதோ அந்த ஒரு இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது. இழையின் நீளமே சில மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் ஒரு பட்டையான பலகையின் ரெண்டு பக்கமும் ஒட்டிய எல்இடி சில்லைக் கொண்டுவந்து வைத்தால், அது பழைய இழை இருந்த அதே புள்ளியில், அதே அளவில், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி எரியாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் வெளிச்சம் சிதறும். கொஞ்சம் மேலே போகும், கொஞ்சம் பம்பருக்கு முன்னாலேயே கொட்டும். முன்னால் கொட்டுவதுதான் நம்மை ஏமாற்றுவது. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருப்பதால் நல்ல லைட் என்று தோன்றும், ஆனால் அந்தப் பளபளப்பில் கண்ணின் பாவை சுருங்கிவிடும், தூரத்தில் இருப்பது முன்னைவிட மங்கலாகத் தெரியும். நமக்கு வேண்டியது தூரம்.

சட்டமும் இருக்கிறது. ஹாலஜனுக்கென்று சான்று வாங்கிய விளக்கில் எல்இடி பல்பைப் போடுவது பல நாடுகளில் தவறு. சில நாடுகளில் குறிப்பிட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட பல்பு என்று சோதித்துப் பார்த்து அனுமதிக்கிறார்கள். உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பழைய பல்பையே திரும்ப மாட்டிக்கொண்டு, வயரிங் வேலை செய்யும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "பல்பு கெடக்கட்டும் தம்பி, ஹோல்டர்ல எத்தன வோல்ட் வருதுன்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டுவிட்டு அளக்கவேண்டும். பல்பு எரியாமல் அளந்தால் சரியான அளவு தெரியாது, கரண்ட் ஓடும்போதுதான் வயரில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று தெரியும். கப்ளரின் பின்புறமாக முனையைச் செருகி, பல்பு மாட்டியபடியே அளந்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பில் 12.3. நடுவில் 1.8 வோல்ட் காணாமல் போகிறது.

1.8 என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராகக் கூடிக் குறைவதில்லை, கிட்டத்தட்ட வோல்டேஜின் 3.4 மடியாக மாறும். அதாவது வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. ரெண்டு பல்புக்கும் சேர்த்து 8 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் 8 பெருக்கல் 1.8, சுமார் 14 வாட். அது வயரையும் சுவிட்சையும் கப்ளரையும் சூடாக்கிக்கொண்டிருந்தது. ராத்திரி ரொம்ப நேரம் ஓட்டினால் லைட் சுவிட்ச் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பல்பின் எர்த் முனையிலும் வைத்தேன், 0.5 வோல்ட் காட்டியது. மீதி 1.3 பாசிட்டிவ் பக்கம். எர்த்தை முதலில் பார்த்தேன். விளக்குக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முறுக்கியிருந்தார்கள், ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகத் துரு. கழற்றி, பாடியில் உலோகம் மின்னும்வரை தேய்த்து, வயர் நுனியில் புது லக் (ஸ்க்ரூவில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். 0.5 இருந்தது 0.1 ஆனது. பத்து நிமிஷ வேலை, காசு செலவே இல்லை. நீங்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பாசிட்டிவ் பக்கத்துக்கு ரிலே போட்டேன், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. விஷயம் இதுதான்: பழைய வண்டிகளில் லைட்டுக்குப் போகும் மொத்தக் கரண்டும் பேட்டரியிலிருந்து கிளம்பி டேஷ்போர்டு சுவிட்ச் வரை போய், அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்ச் வழியாகத் திரும்பி முன்னால் வருகிறது, அதுவும் ஒல்லியான வயரில். ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேர்வழி கிடைத்துவிடும், சுவிட்ச் வேலை ரிலேவைத் தட்டி எழுப்புவது மட்டும்தான். ரிலேவின் அடியில் எண் போட்டிருக்கும். 30-க்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து வரும் வயர். 87-இலிருந்து பல்புக்கு. பழைய கப்ளரில் வந்த டிம் வயரை 86-க்குக் கொடுத்து 85-ஐ எர்த் பண்ணிவிடவேண்டும். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்குத் தனியாக ஒரு ரிலே. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டேன், ஒவ்வொரு ரிலேவுக்கும் 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கவேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் இருக்கும் வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் தீதான். வேலையைத் தொடங்குவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இதில் ரெண்டு எச்சரிக்கை. சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் நேராகப் பல்புக்கு வந்துவிடும், சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் திறந்து மூடும். அதில் நான் சொன்ன இணைப்பு அப்படியே வேலை செய்யாது. ஆகவே முதலில் மீட்டரை வைத்து எந்த முனையில் எப்போது வோல்ட் வருகிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லைட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வண்டியாக இருந்தால் இந்த வயரிங்கில் கையே வைக்காதீர்கள்.

ரிலே போட்டபிறகு பல்பில் 13.8 வோல்ட். 12.3-லிருந்து 13.8. அதே 3.4 கணக்கைப் போட்டால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே பழைய பல்பு! மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது வெள்ளையாகிவிட்டது. வோல்டேஜ் ஏறினால் பல்பின் ஆயுள் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது உண்மைதான். வருஷத்துக்கு ஒரு பல்பு கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்தது லென்ஸ். வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது, வித்தியாசமும் பளிச்சென்று தெரிந்தது. இப்போதைய லென்ஸ் எல்லாம் பாலிகார்பனேட். கல் பட்டால் எளிதில் உடையாது, ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிர் அதற்கு ஆகாது, அதனால் கம்பெனியிலேயே மேலே ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். சில வருஷத்தில் அந்தப் பூச்சு உரிந்து மஞ்சளாகிவிடும். பின்னால் எவ்வளவு நல்ல பல்பு இருந்தாலும் இந்தப் புகைமூட்டத்தைத் தாண்டித்தானே வெளியே வரவேண்டும். தாண்டி வருவதும் நேராக வராமல் சிதறி வரும், அதுவும் எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் போகும். பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், நானும் முன்பு செய்திருக்கிறேன், சீக்கிரமே பழையபடி மங்கிவிடும். ஏனென்றால் மேலே பாதுகாப்புக்கு எதுவும் இல்லை.

லென்ஸைச் சுற்றிப் பெயின்டில் மாஸ்கிங் டேப்பை ரெண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். 800-இல் தொடங்கி 1000, 1500, 2000, கடைசியில் 3000, எண் கூடக் கூட பேப்பர் நைசாகும். ஒரு பேப்பரில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததில் நெடுக்காக, அப்போதுதான் முந்தின பேப்பரின் கோடு முழுக்கப் போயிற்றா என்று தெரியும். முதல் பேப்பரை எப்போது நிறுத்துவது என்பதுதான் எல்லாரும் தடுமாறும் இடம். வழிகிற தண்ணீரைப் பாருங்கள். முதலில் மஞ்சளாக வரும், அது பழைய பூச்சு. சுத்தமான வெள்ளையாக மாறி, லென்ஸ் முழுக்கத் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் போதும். இந்த இடத்தில் லென்ஸைப் பார்த்தால் பயமாக இருக்கும், முன்பைவிட மோசமாகிவிட்டதே என்று தோன்றும். பயப்படவேண்டாம், 2000 தாண்டும்போது தெளிய ஆரம்பித்துவிடும். 3000 முடித்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கும் தகடு, பல்பு எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

அத்தோடு நிறுத்திவிடக்கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு, புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டை மெல்லியதாக ரெண்டு முறை அடித்தேன். இதைச் செய்யாவிட்டால் மறுபடியும் மஞ்சள் நிச்சயம், பட்ட பாடெல்லாம் வீண். இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் வகை நீடித்து நிற்கும், ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், அதற்கேற்ற முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். மங்கல் லென்ஸின் உள்பக்கம் இருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. உள்ளே ரிப்ளெக்டரைத் துணியால் துடைக்கும் ஆசையும் வேண்டாம். அது அலுமினிய ஆவியை ஒட்டவைத்த மெல்லிய படலம், துடைத்தாலே கோடு விழும்.

பல்புக்கு வருவோம். அதே 60/55 வாட்டில் இழையை இன்னும் நுணுக்கமாகச் செய்து, கூடுதல் வெளிச்சம் என்று விற்கும் ஹாலஜன் உண்டு, அதில் ஒரு ஜோடி போட்டேன். ஆயுள் கம்மி, சான்று பெற்றதாக வாங்கினால் சட்டச் சிக்கல் இல்லை. நீலக் கண்ணாடி பல்பை வாங்காதீர்கள். அந்த நீலம் வெளிச்சத்தில் ஒரு பகுதியை வடிகட்டித்தான் வருகிறது, வெள்ளையாகத் தெரியும் என்பதைத் தவிர ஒரு லாபமும் இல்லை. 100/90 வாட் பல்பும் வேண்டாம், ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் கருகும், எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் படிந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடாகி அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடி பழுதாகிவிடும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ரப்பர் மூடியைத் திரும்பச் சரியாக உட்காரவையுங்கள், இல்லையென்றால் மழைக்கு உள்ளே வியர்த்துவிடும்.

கடைசியாக லைட்டைக் குறிபார்த்து வைப்பது. இதை யாரும் செய்வதில்லை, எனக்குக் கோபம் வருவது இதில்தான். சமதளத்தில், சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினேன். டயரில் காற்று சரி, டேஷ்போர்டில் லைட் உயரத்தை மாற்றும் சக்கரம் 0-இல், ஓட்டுநர் இருக்கையில் மச்சான். விளக்கின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர். பல வண்டிகளில் விளக்கின் மேலோ பக்கத்திலோ 1% என்று சின்னதாக அச்சடித்திருப்பார்கள், என் வண்டியிலும் இருந்தது. நூறுக்கு ஒன்று என்ற சரிவில் வெளிச்சம் இறங்கவேண்டும் என்பது அதன் அர்த்தம். 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். ஆகவே சுவரில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் டேப் ஒட்டி லைட்டைப் போட்டேன்.

ஒரு பக்கத்து விளக்கின் கோடு மையத்துக்கு 13 சென்டிமீட்டர் கீழே கிடந்தது. இன்னொரு பக்கம் மையத்துக்கு 2 சென்டிமீட்டர் மேலே. அதாவது ஒரு விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறதோ, ஒருமுறை பம்பர் வேலைக்கு விட்டபோது விளக்கைக் கழற்றி மாட்டினார்கள், அப்போதிலிருந்தே இருக்கலாம். கணக்கைப் பாருங்கள்: 65 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 1 சதவீதச் சரிவில் இறங்கினால் வெளிச்சத்தின் விளிம்பு தரையைத் தொடுவது 65 மீட்டரில். 13 சென்டிமீட்டர் கீழே என்றால் சரிவு 2.6 சதவீதம், தரையைத் தொடுவது 25 மீட்டரில். சைக்கிள்காரர் நடந்த ஓரத்துப் பக்கம் இருந்தது இந்த 25 மீட்டர் விளக்குதான். ஒரு திருகு சரியாக இல்லாததால் அங்கே 40 மீட்டர் வெளிச்சம் கிடைக்காமல் போயிருக்கிறது.

அந்தத் திருகு விளக்கின் பின்னால் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரை நீளமாக விட்டுத் திருப்பவேண்டும். ஒரு விளக்கைத் துணிபோட்டு மூடிக்கொண்டு மற்றதைச் சரி செய்தால் குழப்பம் வராது. பல்பு, எல்இடி, லென்ஸ் எதை மாற்றினாலும் இந்தச் சுவர் வேலையைக் கடைசியில் மறுபடி செய்யுங்கள்.

அன்று ராத்திரி அதே ரோட்டில், அதே எதிர்ப்பக்கத்தில் நான் நின்றேன், மச்சான் ஓட்டி வந்தார். வெளிச்சம் என் முழங்காலுக்குக் கீழே தரையோடு வந்தது, முகத்தில் அடிக்கவில்லை. பிறகு இடம் மாறி நான் ஓட்டினேன், அவர் கறுப்புச் சட்டையோடு ஓரமாக நடந்தார். 50 மீட்டர் தள்ளியே முதலில் கால் தெரிந்தது, அப்புறம் முழுசாகத் தெரிந்தார். "பாத்துட்டேன் மாப்ள, ஓரமா வா" என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னேன்.

மீட்டர் கையில் இருந்த வேகத்தில் பின்பக்கம் பிரேக் லைட்டையும் அளந்தேன். பல்பில் 11.2 வோல்ட்தான் வருகிறது. அடுத்த ஞாயிறு அந்த எர்த்தைப் பார்க்கவேண்டும்.